மூன்று அங்குல மூங்கில்

கொங்காவலையைச் சேர்ந்த மஹ்ரூப், மாத்தளை நகரில் கட்டட ஒப்பந்தம் எடுக்கும் சுந்தரலிங்கம் என்ற கொந்தராத்துக்காரரிடம் கட்டடப் படம் வரைந்தான். தாளில் சுவர்களைக் கீறிவிட்டு, கட்டில், மேசை, அலமாரியெல்லாம் அட்டையில் வெட்டிக்கொள்வான். ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்பது கணக்கு. குண்டூசியால் ஒவ்வொன்றாகக் குத்தியெடுத்து, வைத்து, நகர்த்தி, திருப்பிப் பார்த்து, பொருந்தினால்தான் பசை. பசை காய்ந்தபின் மாற்றமில்லை. அதன்படியே சுவர் எழும்பும்.

1961இல் எல்கடுவப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் பிரசவ வார்டு கட்ட வேண்டியிருந்தது. இடம் பார்க்கப் போனபோது பழைய மருந்தறையில் பிரசவம் பார்க்கும் ஆயா மாரியாயி படத்தை எட்டிப் பார்த்தாள்.

"கட்டிலெல்லாம் சோக்காத்தான் இருக்கு, நானா. புள்ளத்தாச்சி எப்படி உள்ள வருவா? பறந்தா?"

"தள்ளுவண்டியில கொண்டு வருவாங்க."

"எங்க லயத்து வீட்டுல ஏது வண்டி? மூங்கில்ல கம்பளியத் தூளியாக் கட்டி, முன்னால ஒருத்தன், பின்னால ஒருத்தன் தூக்கியாருவாங்க. மூங்கில் பன்னெண்டு அடி. சரிச்சா உள்ளுக்க இருக்கிறவ விழுந்துருவா."

மாத்தளைக்குத் திரும்பி வந்து மஹ்ரூப் மூன்று அங்குலத்தில் ஓர் அட்டைச் சில்லு வெட்டினான். நாலடி அகல நடைவழியின் திருப்பத்தில் அது சுவரில் முட்டியது. முன்னாலிருந்த தோட்டத் துரையின் அறையைப் பின்னால் தள்ளினான். சில்லு தாராளமாகத் திரும்பியது.

சுந்தரலிங்கம் ஒத்துக்கொள்ளவில்லை.

"துரைக்கு ரூம் முன்பக்கந்தான் வேணுமாம். அந்தக் குச்சியத் தூக்கிப் போடும். வார்டுல மூங்கிலா வளர்க்கப் போறாங்க?"

"தூளி திரும்பாது ஐயா."

"எறக்கி வச்சுத் தூக்கட்டும். உமக்கு வேலை வேணுமா, வேணாமா?"

வீட்டில் இரண்டு தங்கைகள் கல்யாணமாகாத குமராக இருந்தார்கள். மஹ்ரூப் அறையைப் பழைய இடத்திலேயே வைத்துப் பசை போட்டான். சில்லைப் பேனாப் பெட்டியில் போட்டு மூடினான்.

வார்டு திறந்த மறு வருஷம், ஐப்பசி மழையில், மாரியாயியின் மகள் பரிமளத்தைத் தூளியில் கொண்டுவந்தார்கள். திருப்பத்தில் மூங்கில் சுவரில் இடித்து நின்றது. சீமெந்துத் தரையில் இறக்கினார்கள். நனைந்த கம்பளியின் முடிச்சு அவிழவில்லை; தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி தேடி ஓடினார்கள். கத்தி வருமுன்னே கம்பளிக்குள்ளேயே பிள்ளை பிறந்துவிட்டது. கழுத்தில் தொப்புள்கொடி இரண்டு சுற்று; பிள்ளை அழவேயில்லை. கட்டிலில் கிடத்தியிருந்தால் அதை எடுத்துவிட மாரியாயிக்குத் தெரியும்; எத்தனையோ பிள்ளைகளுக்கு எடுத்தவள்தான். பரிமளம் பிழைத்தாள். அதன்பின் அவளுக்குப் பிள்ளை தரிக்கவில்லை.

முப்பதாம் நாள் கழிந்து மாரியாயி பஸ் ஏறி மாத்தளைக்கு வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"வார்டுப் படத்தக் காட்டுங்க நானா."

விரித்தான்.

"மூங்கில் எங்க?"

மஹ்ரூப் பேனாப் பெட்டியைத் திறந்து சில்லை எடுத்தான். அவள் அதை வாங்கி, நடைக்குள் தானே நகர்த்திப் பார்த்தாள். திருப்பத்தில் முட்டியது.

"அப்ப ஒங்களுக்கு முன்னமே தெரியும்."

"தெரியும்."

அவள் சில்லைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு படியிறங்கினாள். சுந்தரலிங்கம் உள்ளிருந்து யாரென்று கேட்டார். தோட்டத்து ஆள் என்று சொன்னான் மஹ்ரூப்.

அதே மேசையில் அவன் இன்னும் பதினொரு வருஷம் வேலை பார்த்தான். தங்கைகள் இருவருக்கும் நிக்காஹ் முடிந்தது.