ரப்பர் ஒட்டிய பின்கதவு

எங்கள் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், ஒரு பழைய பிக்கப் வண்டியின் பின்கதவு சாய்ந்து நிற்கிறது. வண்டி எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. கதவை மட்டும் நான் கழற்றி வைத்துக்கொண்டேன். அதன் வலது ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் போயிருக்கும். சரக்கு உரசியது என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். அது என் மச்சானின் கை பட்டுத் தேய்ந்த இடம்.

மச்சான் என்றால் என் மனைவியின் ஒரே தம்பி. ஒரகடத்தில் இரும்புத் தகடு அடிக்கிற ஒரு சின்ன பிரஸ் கம்பெனியிலிருந்து பெரிய தொழிற்சாலைகளுக்கு உதிரிப்பாகம் ஏற்றிப் போகிற வேலை எங்களுக்கு. நான் டிரைவர், அவன் லோடுமேன். எட்டு வருஷம் அப்படி ஓட்டினோம். அவன் பின்னால் நின்று கதவைத் தட்டுவான். இரண்டு தட்டு என்றால் போகலாம், ஒரு தட்டு என்றால் நில். ரிவர்ஸ் எடுக்கும்போது அந்த ஒரு தட்டு விழும்வரை வந்துகொண்டே இருக்கலாம் என்பது எங்களுக்குள் பேச்சு. பக்கத்தில் பிரஸ் மெஷின்கள் தரை அதிர இடித்துக்கொண்டிருக்கும்போது தொண்டை கிழியக் கத்தினாலும் எடுபடாது. தகரத்தில் விழும் அடி மட்டும் சீட்டு வழியாக என் முதுகுக்கு வந்து சேரும். கண்ணாடியைவிட அவன் கையைத்தான் நான் நம்பினேன்.

கதவோ கிழடு. கீல்கள் தேய்ந்து தொங்கின. ஒரு பக்கக் கொண்டி உடைந்துபோய், கட்டுக்கம்பி போட்டு முறுக்கி வைத்திருந்தோம். மேடு பள்ளத்தில் அது போடுகிற சத்தத்துக்கு வல்லக்கோட்டை முருகனே எழுந்து வந்து கேட்பார் என்று மச்சான் கிண்டல் செய்வான். ஒருநாள் ஒரு தொழிற்சாலை வாசலில், இந்தக் கதவோடு இனி உள்ளே வராதே என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றே பட்டறையில் விட்டேன். புதுக் கீல் வைத்தார்கள். இரண்டு பக்கமும் இழுத்துப் பூட்டுகிற கொண்டி போட்டார்கள். கதவைத் தாங்குகிற சங்கிலிக்கு உறை மாட்டினார்கள். நான் அதோடு விட்டிருக்கலாம். சரக்கு உரசாது, சத்தமும் வராது என்று உள்பக்கம் முழுக்கக் கனத்த ரப்பர் ஷீட் ஒட்டச் சொன்னேன். யாரும் அதைக் கேட்கவில்லை. என் ஆசைக்கு நானே செய்தது.

மச்சான் அதைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். “இன்னா மாமா, மெத்த மேல தட்ற மாரி கீது. வண்டிய ஊமையாக்கிட்டியே.”

“இனிமே வாயத் தொறந்து கத்து” என்றேன், நானும் சிரித்துக்கொண்டே. எட்டு வருஷமாகப் பழகிய கை ஒரு பேச்சில் மாறிவிடுமா? நான்காம் நாள், சரக்கு ஏற்றும் மேடையை நோக்கி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். கதவின் ஓரத்தில் கை வைத்தபடி அவன் கூடவே நடந்து வந்தான். மேடை நெருங்கியதும் தட்டியிருக்கிறான். எனக்கு எதுவும் கேட்கவில்லை. தட்டு விழவில்லையே என்று இன்னும் கொஞ்சம் வந்தேன். தட்டிய கைதான் மேடைக்கும் கதவுக்கும் நடுவில் சிக்கியது. வலது கையில் இரண்டு விரல்கள் மிஞ்சின.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் என்னைப் பார்த்துத்தான் பேசினான். “நான் தட்னது பத்தல மாமா. ஓங்கித் தட்டிருக்கணும்.” கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்ற என் மனைவி அழுகையோடு அவனையே திட்டினாள். “ஏண்டா, நல்லா சத்தமா தட்டித் தொலைக்கக் கூடாதா?” அவன் சரியாகத்தான் தட்டினான், என் ரப்பர்தான் அந்தச் சத்தத்தைத் தின்றது என்று எனக்கு அப்போதே தெரியும். வாயில் கொழுக்கட்டையை அடைத்தவன் மாதிரி நின்றேன். இவள் இனி என் முகத்தில் முழிக்க மாட்டாளே என்ற பயம். மறுநாளே ஸ்க்ரூடிரைவரை வைத்து அந்த ரப்பரை முழுக்கக் கிழித்தெடுத்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

பிறகு அவன் சேரப்பணஞ்சேரிப் பக்கம் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி வேலைக்குப் போனான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒருநாள் அவனைத் தேடிப் போனேன். டீ குடித்தோம். மழையைப் பற்றிப் பேசினோம், அவன் அக்காவின் சர்க்கரையைப் பற்றிப் பேசினோம். சொல்ல வந்தது மட்டும் வரவில்லை. எழுந்து போய் வண்டியை எடுத்தேன். பழக்கதோஷத்தில் அவன் பின்னால் வந்து, ரோட்டைப் பார்த்துவிட்டு, இடது கையால் இரண்டு தட்டு தட்டினான். தகரம் கணீரென்று பேசியது. வண்டி நகர்வதற்குள் இன்னொன்று விழுந்தது, ஒரே ஒரு தட்டு. நிறுத்தினேன். ஜன்னலருகே வந்தான்.

“ரப்பர கயட்டிட்டியா மாமா?”

“ம்.”

ஜன்னல் விளிம்பில் இடது கையை ஊன்றினான். “எனக்கு அன்னிக்கே தெரியும். அக்கா பக்கத்துல நின்னுகினு இருந்திச்சு. அதான் அப்டி சொன்னேன். அதுக்குத் தெரிய வேணாம், வுடு.” பின்னால் போய் மறுபடி இரண்டு தட்டினான். படப்பை வரைக்கும் ரோடு சரியாகத் தெரியாமல் அழுதுகொண்டே ஓட்டினேன். அடுத்த மழைக்காலத்தில் ஏதோ காய்ச்சல் வந்து நாலே நாளில் போய்விட்டான்.

இப்போது நான் ஓட்டுகிற வண்டியில் பின்னால் கேமரா இருக்கிறது, பீப் பீப் என்று அதுவே சொல்லிவிடுகிறது. அதைப் பார்த்துக்கொண்டேதான் வருகிறேன், ஆனாலும் முதுகு எதற்கோ காத்துக்கொண்டிருக்கும். அவன் சொன்னபடி வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவனுக்குக் கொடுத்த வாக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதில் பாதி பொய். அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

இன்று காலை என் மனைவி துணி துவைத்துக்கொண்டே பக்கத்து வீட்டம்மாவிடம் தம்பியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். “அவன் எதுலயும் அசால்ட்டுதான்க்கா. கொஞ்சம் ஓங்கித் தட்டிருந்தா கை போயிருக்குமா?” எத்தனையோ முறை கேட்ட பேச்சுதான். இத்தனை வருஷமாகியும் செத்தவன் தலையில்தான் அந்தப் பழி இருக்கிறது. அந்தம்மா உள்ளே போனதும் இவளும் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். நான் போய், பெயின்ட் தேய்ந்த அந்த இடத்தில் ஒரு தட்டு தட்டினேன்.

அவள் நின்றாள். “இன்னா?” என்றாள்.

“இந்தக் கதவுல நான் ரப்பர் ஒட்டி வெச்சிருந்தேன்” என்றேன்.