பூங்கா பெஞ்சில் என் அப்பா பெயர்

எங்கள் ஊர்க்காரர்களுக்கு உபயம் என்றொரு வியாதி உண்டு. கோயிலில் டியூப்லைட் கொடுத்தால் அதன் பாதி வெளிச்சத்தைக் கொடுத்தவர் பெயரே மறைத்துவிடும். பஸ் நிற்கிற இடத்து நிழற்குடையோ, சுடுகாட்டு அடிகுழாயோ, எதுவானாலும் பெயர் எழுதாமல் விடமாட்டார்கள். நானும் இதைக் கிண்டலடித்துத் திரிந்தவன்தான். என் சித்தப்பா மகன் பூங்கா வாசலில் குடிதண்ணீர்த் தொட்டி வைத்து, சித்தப்பா பெயரை முழ நீளத்துக்கு எழுதினானே, அன்றைக்கே என் கிண்டல் நின்றுபோனது. ஊரெல்லாம் சித்தப்பா பெயரைப் படித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கிறது, என் அப்பா பெயர் எங்கே என்று வயிறு எரிந்தது. ஐம்பத்தெட்டு வயதில் வந்த வயிற்றெரிச்சல். சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

வெளியூர் விருந்தாளி வந்தால் நாங்கள் முதலில் துறைமுகத்துக்குக் கூட்டிப்போவோம். அங்கே உள்ளே விடமாட்டார்கள். உடனே வண்டியைத் திருப்பிப் பூங்காவுக்கு வந்துவிடுவோம். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அது வெறும் பொட்டல். மழை பெய்தால் ஒரு வாரம் குளம், காய்ந்தால் தரையெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடக்கும். ஒரு மூலையில் வலை காயும், சர்க்கஸ் வந்தால் மறுமூலையில் கூடாரம் அடிப்பார்கள். பூங்கா என்று முடிவானதும் தேரிக்காட்டுச் செம்மண்ணை லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். முதலில் வைத்த கன்றெல்லாம் உப்பில் கருகிப்போயிற்று. பிறகு பூவரசும் புங்கையும் எப்படியோ வேர் பிடித்துக்கொண்டன.

இன்றைக்கு ஊரிலேயே பெரிய நிழல் அங்கேதான். குட்டி ரயில் ஓடுகிறது. ரயில் குகைக்குள் நுழைந்ததும் பிள்ளைகளைவிடப் பெரியவர்கள்தான் அதிகமாகக் கத்துவார்கள். சர்க்கரைக்காரர்கள் வெறுங்காலோடு நடக்க எட்டு வடிவத்தில் கூழாங்கல் பாதை உண்டு. நீரூற்றுக்கு நடுவில் சிமெண்டில் செய்த முத்துச்சிப்பி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். உள்ளே தண்ணீர்க்குடம் அளவுக்கு ஒரு முத்து. கடலில் முத்துக் குளிப்பு நின்று எத்தனையோ வருஷமாயிற்று. இப்போது ஊரார் பார்க்கிற முத்து அது ஒன்றுதான். கல்யாண ஜோடிகள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

அந்த நீரூற்றுக்கு எதிரே ஒரு பழைய சிமெண்ட் பெஞ்ச் கிடந்தது. காலை ஆறரை மணிக்கு ஓர் அண்ணாச்சி அதில் வந்து உட்காருவார். துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவர். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை நின்று எண்ணிக் குறிக்கிற வேலை. ஓய்வு பெற்ற பிறகு சர்க்கரை வியாதியில் இரண்டு கண்ணும் போய்விட்டது. வீடு பூங்காவுக்குப் பின்தெரு. கையில் ஒரு கம்பு மட்டும். மகள் கூட வருகிறேன் என்றால் சண்டைக்குப் போவார்.

ஒருநாள் அவரிடமே கேட்டேன், எப்படி அண்ணாச்சி தனியாக வருகிறீர்கள் என்று. சிரித்தார்.

"வாசல்லேருந்து கொழாய்க்கு நாப்பத்திரெண்டு எட்டு. கொழாய்லேருந்து பெஞ்சுக்குப் பதினெட்டு. எண்ணுததுதான தம்பி என் தொழிலு? கண்ணு போனா எண்ணிக்கையும் போயிருமா?"

அந்த ஒரு மணி நேரம்தான் அவர் யார் கையையும் பிடிக்காமல் இருக்கிற நேரம். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

அப்பா பெயரில் ஒரு பெஞ்ச் போடுகிறேன் என்று கேட்டதற்குப் பூங்காவைப் பார்த்துக்கொள்கிறவர்கள், கூடுதலாகப் பெஞ்ச் போட இடமில்லை, பழையது ஒன்றை எடுத்துவிட்டு வேண்டுமானால் போடுங்கள் என்றார்கள். நான் நீரூற்று பெஞ்சைக் காட்டினேன். ஆனால் பழைய இடத்திலேயே போட்டால் சிப்பி மறைக்கும், வாசலிலிருந்து பெயர் தெரியாது. பத்து எட்டு தள்ளி, வாசலைப் பார்த்துப் போடச் சொன்னேன். வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி அரிவாள்மனையிலிருந்து நிமிராமலே கேட்டாள்: "மாமா உசிரோட இருக்கையில ஒரு நா பார்க்குக்குக் கூட்டிட்டுப் போயிருப்பியளா? இப்பம் கல்லுல உக்காத்தி வைக்கப் போறீயளாக்கும்." நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

பழைய பெஞ்சைப் பெயர்க்கும்போது, அங்கே கூட்டிப் பெருக்குகிற அம்மா விளக்குமாற்றோடு வந்து நின்றாள். "அண்ணே, இது கண்ணு தெரியாத அய்யா உக்காருத எடமுல்லா? அவியகிட்ட சொன்னியளா?"

"சொல்லிக்கிடுதேன்ம்மா" என்றேன்.

சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்றால் அது பாதிப் பொய். கல்வெட்டுகிறவர் அப்பா பெயரைச் சித்தப்பா பெயரைவிடச் சின்னதாக வெட்டிவிட்டார். கருங்கல்லை மாற்றி, பெரிய எழுத்தில் மறுபடி வெட்டவைக்க அவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் ஊரில் விடாத மழை, அண்ணாச்சி வெளியே வரவில்லை. பின்தெருவில்தான் வீடு, போய்ச் சொல்ல ஐந்து நிமிஷம் ஆகாது. போகவில்லை.

மழை விட்ட காலையில் பெஞ்ச் தயார். நான் போனைத் தூக்கிக்கொண்டு நின்றேன். குழாயடியில் அண்ணாச்சி திரும்புவதைப் பார்த்தேன். கூப்பிட்டிருக்கலாம். வெயில் இன்னும் ஏறினால் எழுத்தில் நிழல் விழுந்துவிடும், முதலில் ஒரு படம் எடுத்துவிட்டுக் கூப்பிடுவோம் என்று நினைத்தேன். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவர் பதினெட்டாவது எட்டில் நின்றார், திரும்பினார், வேட்டியை ஒதுக்கிக்கொண்டு எப்போதும்போல உட்கார்ந்தார். உட்கார அங்கே ஒன்றுமில்லை.

இடுப்பெலும்பு முறிந்த சத்தம் கேட்டதாக எனக்கு ஞாபகம். டாக்டர், அப்படியெல்லாம் கேட்காது என்றார். நான்தான் தூக்கினேன், நான்தான் ஆட்டோ பிடித்தேன். மகள் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நல்லவேளை அண்ணே, நீங்க பக்கத்துல இருந்தீய." ஐயோ, அந்தக் கையை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? எடுத்த படம் அதற்குள் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவுக்குப் போயிருந்தது. என் தங்கை எழுதியிருந்தாள்: அப்பா பேரு அருமையா தெரியுது. பின்னால சாயுதது யாரு?

மனைவி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். போனை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "போயி அவியகிட்ட உள்ளதச் சொல்லிட்டு வாங்க" என்றாள். மறுநாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போனேன். சொல்லத்தான் போனேன். ஆனால் அவர் என் குரலைக் கேட்டதும் முந்திக்கொண்டார்.

"தம்பி, நான் பதினெட்டு எண்ணல போலிருக்கு. பதினாறோ பதினேழோ, நடுவுல எங்கயோ விட்டுட்டேன். ஒரு கப்பலுக்குக்கூடப் பிசகினவன் இல்ல நான். மூளையும் போகுதோ என்னவோ."

நான் வாயைத் திறந்தேன். மகள் காப்பி கொண்டுவந்தாள். காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

நான்கு மாதம் கழித்து அவரைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனதும் நானேதான். மகள், "உங்களத்தான் நம்பி விடுதேன்" என்றாள். வாசலில் அவர் கை என் முழங்கையைத் தேடிப் பிடித்தது. நடந்தார். உதட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன், அசையவில்லை. எண்ணவில்லை. சிறுபிள்ளையை இழுத்துப்போவதுபோல இழுத்துப்போய்ப் புதுப் பெஞ்சில் உட்காரவைத்தேன். கல்லின் குளிர்ச்சி பட்டதும் அவர் விரல் சாய்மானத்தில் ஊர்ந்தது.

"இது பழைய பெஞ்சு இல்லையே. எழுத்து வெட்டியிருக்கு. பெருசா வெட்டியிருக்கான், வெரலுக்குள்ள அடங்கமாட்டேங்குது. யாரு உபயம்? படிச்சுச் சொல்லும்."

அப்பா பெயரைப் படித்தேன். அப்போதும் அதைச் சொல்லும்போது உள்ளே ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது. தூ!

"உம்ம அப்பாவா! எப்பம் போட்டீரு?"

ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்லவேண்டியிருந்தது. நீங்கள் விழுவதற்கு முன்பே, பத்து எட்டு தள்ளி என்று சொன்னால் போதும். அவருக்குக் கண்ணைத் தவிர மற்றதெல்லாம் திரும்பக் கிடைத்திருக்கும்.

"நீங்க விழுந்த பெறகுதான், அண்ணாச்சி."

அவர் என் கையைத் தடவி எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நான் விழுந்ததுக்காவ பெஞ்சு போட்டீராக்கும். எந்த மவராசன் பெத்த பிள்ளையோ. உம்ம அப்பா பேரு நிலைக்கும் தம்பி, நிலைக்கும்."

பக்கத்தில் பூவரசு இலையைக் கூட்டிக்கொண்டிருந்த அந்த அம்மா விளக்குமாற்றை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். அவள் சொல்லிவிடுவாள் என்று பயந்தேன், சொல்லிவிடமாட்டாளா என்றும் இருந்தது. அவள் குனிந்து கூட்ட ஆரம்பித்தாள்.

அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு தணிந்த குரலில், வெட்கப்படுகிறவரைப் போலக் கேட்டார்.

"ராத்திரி படுத்தா இதே நெனப்பாத்தான் இருக்கு. பதினெட்டு சரியா எண்ணுனேன்னுதான் மனசு இன்னமும் சொல்லுது. நீரு அன்னைக்குப் பாத்துக்கிட்டுத்தான நின்னீரு. எண்ணிக்கை பிசகிட்டுல்லா?"

"ஆமா அண்ணாச்சி," என்றேன். "பிசகிட்டு."