கையை எடு என்ற அக்கா

எஸ்தர் அக்கா போய்விட்டார் என்று போன் வந்தபோது அப்பா காபி குடித்துக்கொண்டிருந்தார். எப்படிச் சொல்வதென்று தவித்தேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

பாளையங்கோட்டையில் எஸ்தர் அக்காவிடம் பிசியோதெரபிக்குப் போன உங்கள் எல்லோருக்கும் அந்த அதட்டல் தெரியும். சில வருடங்களுக்கு முன் வந்த பக்கவாதத்தில் அப்பாவின் இடது பக்கம் முழுக்கத் துவண்டு கிடந்தது. கட்டிலில் உட்காரவைத்தால் சரிவார். நான் தோளைப் பிடித்துக்கொள்வேன். சேரன்மகாதேவியில் எங்கள் வீட்டுக்கு அக்கா வந்த முதல் நாளே எனக்குத்தான் திட்டு விழுந்தது.

"கைய எடு, மைதிலி. நீ பிடிச்சிக்கிட்டே இருந்தா அவரு முதுகு எப்பம் வேலை செய்யும்?"

"விழுந்துட்டார்னா?"

"பக்கத்துல நாந்தான நிக்கேன். பையப் பைய எடு."

இவருக்கு ஈவிரக்கமே கிடையாதா என்று உள்ளுக்குள் வைதேன்.

அப்போது என் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எங்கள் வழக்கப்படி தாலி கட்டும்போது பெண் அப்பாவின் மடியில் உட்கார வேண்டும். அப்பாவுக்குப் பதில் சித்தப்பா உட்காரட்டும் என்றார்கள் உறவுக்காரர்கள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அக்கா மட்டும் அவரிடமே கேட்டார். "சார், உங்க மக. நீங்க சொல்லுங்க."

"நான்தான் உட்காருவேன்" என்றார் அப்பா குழறலாக.

அதன்பின் தினமும் பயிற்சிதான்: சாய்மானமில்லாமல் உட்காருவது, இடது காலை ஊன்றி எழுவது, கடைசியில் எனக்குப் பதிலாக மடியில் அரிசிப் பை. "பாரம் இறங்குனாத்தான் அந்தக் கால் முழிக்கும்" என்பார் அக்கா.

முகூர்த்தத்தன்று வழக்கப்படி நெல் மூட்டை மேல் உட்கார்ந்திருந்த அப்பாவின் மடியில் உட்கார்ந்தேன். உண்மையில் உட்காரவில்லை, பாதி பாரத்தை என் கால்களிலேயே தாங்கிக்கொண்டிருந்தேன். அப்பாவின் இடது தோள் சரியத் தொடங்கியது. கெட்டிமேளம் காதை அடைத்தது. தாங்கப் பாய்ந்த சித்தப்பாவைத் தடுத்துவிட்டு, பின்னால் நின்ற அக்கா என் காதருகே குனிந்தார்.

"முழுசா உக்காரு. அவருக்குப் பாரம் தெரியட்டும்."

கால்களைத் தளர்த்தினேன். அப்பாவின் இடது பாதம் தரையில் அழுந்தியது. முதுகு மெல்ல நிமிர்ந்தது. தாலி ஏறும்வரை அப்பா சரியவில்லை.

நேற்று கல்லறைத் தோட்டத்தில் மண் போட அப்பா குழியருகே போனார். ஈரத்தில் தரை வழுக்கியது. குனிந்தபோது இடது கால் வெடவெடத்தது. என் கை தானாக நீண்டது. அதட்ட ஆளில்லை, நானே இழுத்துக்கொண்டேன். அப்பா ஒரு பிடி மண்ணைப் போட்டுவிட்டு, யார் துணையுமின்றி நிமிர்ந்தார்.

எஸ்தர் அக்கா என்னிடம் விட்டுப்போனது இதுதான்: பக்கத்தில் நிற்பேன், பிடிக்க மாட்டேன்.