உள்மடிப்பில் ஒரு சிவப்புத் துண்டு

எனக்கு எழுபத்தெட்டு வயதாகிறது. மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். எழுத்தைக் கூட்டித்தான் படிப்பேன். ஊசியில் நூல் கோக்க மட்டும் இன்னும் கண்ணாடி வேண்டாம். அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் மகள்வயிற்றுப் பேத்தி தாரணி உக்கடம் சந்தையிலிருந்து ஒரு பை நிறையப் பழந்துணி வாங்கி வந்தாள். திறந்ததும் அந்துருண்டை வாசம். யாரோ ஒரு குண்டு மனிதர் போட்டுக் கழித்த வெள்ளை ஜிப்பா, ஒரு பைஜாமா. நான் பழந்துணியைக் கொடுத்து எவர்சில்வர் குண்டா வாங்கியவள். இவள் காசு கொடுத்துப் பழந்துணி வாங்குகிறாள். காலேஜ் படிப்பு சும்மாவா?

"இது காஸ்ப்ளேவுக்குங்க அம்முச்சி" என்றாள். கார்ட்டூனில் வருகிறவர்களைப் போல வேஷம் கட்டி, மாலில் சுற்றிப் போட்டோ எடுத்துக்கொள்வதாம். இவள் மந்திரவாதி, தலை முதல் கால் வரை வெள்ளை. வசனம் கிடையாது, சும்மா நின்றால் போதும். அதற்குப் பரிசு வேறு.

ஜிப்பாவின் கழுத்துப்பட்டியை எடுத்தேன். நெஞ்சுவரை இருந்த திறப்பைக் கீழே வரைக்கும் வெட்டி அங்கியாக்கினேன். பைஜாமாவின் கால்கள் தொளதொளக் கைகளாயின. நீளம்தான் போதவில்லை. தாரணி துணிக்கொடியைப் பார்த்தாள்.

"அம்முச்சி, உங்க சீலை ஒன்னக் கிழிச்சுக்கட்டுங்களா?"

அவள் தாத்தா போனதிலிருந்து நான் கட்டுகிற வெள்ளைச் சீலை. கத்தரிக்கோல் கையிலேயே நின்றுவிட்டது.

இவள் அம்மா சாந்தாமணி மிஷன் பள்ளியில் மூன்றாவது படிக்கும்போதும் இதே கூத்துதான். கிறிஸ்துமஸ் நாடகத்தில் தேவதூதர் வேஷம். புதுத்துணி எடுக்கிற வீடா எங்கள் வீடு? மாமியாரின் பழைய வெள்ளைச் சீலையை வெட்டினேன்.

"ஏனம்மணி, எம்பட சீலையச் சுத்தற வயசா அதுக்கு? ஒரு கரையாச்சும் வெச்சுத் தையி" என்றார் மாமியார்.

எங்கள் பக்கம் வெறும் வெள்ளை, புருஷனை இழந்தவர்களுக்கு. சிவப்புக் கரை வைத்தேன். அதோடு விட்டேனா? நெற்றியில் பொட்டு, தலை நிறையக் கனகாம்பரம். அப்படியொரு தேவதூதரைப் பெத்லகேமும் கண்டிருக்காது.

சிஸ்டர் கண்டார்.

"ஏனுங்கம்மா, கல்யாணத்துக்குப் போற தேவதூதருங்களா? கரையப் பிரிச்சாத்தான் மேடை ஏத்துவேனுங்க."

"புள்ளைய வெறும் வெள்ளையில அனுப்ப மனசு வரலைங்க சிஸ்டர்."

"நானும் வெள்ளைதானுங்களே கட்டியிருக்கறேன். எனக்கென்ன ஆயிப்போச்சுங்க?"

அதற்குப் பதில் சொல்லியிருந்தால் பிள்ளையைப் பள்ளியை விட்டே அனுப்பியிருப்பார். சாந்தாமணி உதடு பிதுங்க நின்றாள். அவளுக்கு இருந்ததே ஒரு வரி வசனம். அதை மாட்டுக்கும் கோழிக்கும்கூடச் சொல்லிக் காட்டியிருந்தாள். பல்லால் கடித்துக் கரையைப் பிரித்தேன். விரல் நீளத் துண்டை மட்டும் உள்மடிப்பில் வைத்துத் தைத்துவிட்டேன். கர்த்தருக்குத் தெரிந்திருக்கும், சிஸ்டருக்குத் தெரியவில்லை. மேடையில் சாந்தாமணி வசனத்தைக் கத்தினாள். கடைசி வரிசையில் மாமியார் மூக்கை உறிஞ்சினார்.

தாரணியிடமும் கேட்டேன். "ஒரு செவப்புக் கரை வெக்கட்டுமா கண்ணு?"

"அந்தக் கேரக்டருக்குச் செவப்பே இல்லைங்க அம்முச்சி. மார்க் போயிரும்."

சீலையைக் கிழித்தேன். பரிசு என்னவோ, முதுகில் கோழி இறகு ஒட்டிக்கொண்டு வந்த எவனுக்கோ போயிற்றாம்.

துணிக்குப் பாத்திரம் போடுகிறவர் இப்போது வருவதில்லை. மாமியார் இல்லை. பெண்பிள்ளை வெறும் வெள்ளையில் வாசல் தாண்டினால், ஏன் என்று கேட்க இந்த வீதியில் ஒரு வாய் இல்லை. சாந்தாமணியே "சூப்பருங்கம்மா" என்றாள். நல்லதுதான். என் கைதான் கேட்கவில்லை.

தாரணி, இங்க வா கண்ணு. நான் எழுதி வெச்ச இதை ஒருக்காச் சத்தமாப் படிச்சுக் காட்டு. பாதியில எந்திரிச்சுப் போயி அங்கி மடிப்பைப் பிரிக்காதே. முழுசும் படிச்சுப்போட்டுப் போ.