ஒரு ஸ்டார் போட்ட ஸில்மியா

இல்லை, அந்த ஒரு ஸ்டாரை நாங்கள் விளம்பரத்துக்காகப் போடவில்லை. இதையே எத்தனை பேர் கேட்பீர்கள்? சத்தியமாகச் சொல்கிறேன், நடந்தது. எனக்கு நடந்தது. அதுவும் நடுச்சாமத்தில் இல்லை. பின்நேரம், நல்ல வெளிச்சத்தில். அதனால்தான் இப்போது பகலிலும் தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது.

புதிதாக வந்தவர்களுக்கு வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நான் நஸ்ஹா, காத்தான்குடி. 'மூடின வீடு' கேமைச் செய்தது என் காக்கா அம்ஜத். என் கூடப் பிறந்த மூத்தவர். படங்கள் எடுத்தது நான். பழைய வீடொன்றின் அறைகள் ஒவ்வொன்றாகத் திரையில் வரும். அவற்றுக்குள் மொத்தம் ஏழு சாமான்கள் ஒளிந்திருக்கும். தேடித் தொட வேண்டும். சரியாகத் தொட்டால் "டிங்" என்று ஒரு சத்தம். எல்லாம் எடுத்துவிட்டால் மூலையில் 7/7 என்று வரும். அவ்வளவுதான் கேம்.

ஆனால் காக்காவுக்கு இது விளையாட்டில்லை. வாப்பா அவருக்குக் கட்டாரில் வேலை செய்ய விசா எடுத்து வைத்திருந்தார். கொழும்பில் நடக்கிற கேம் போட்டியில் இறுதிச் சுற்றுக்கு வந்தால் போகத் தேவையில்லை. வராவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இறுதிச் சுற்றுக்கு யார் போவது என்பதை விளையாடியவர்கள் போடுகிற ஸ்டார்தான் முடிவு செய்யும். சராசரி நாலுக்குக் கீழே இறங்கினால் முடிந்தது.

முதல் ஏழு நாள், அந்த முதல் கிழமை, நல்ல கிழமை. நாங்கள் இரண்டு பேரும் சோறு தின்னாமல் கொமண்ட் வாசித்துக்கொண்டிருந்தோம்.

பழுகாமத்தில் இருந்து தனுஷியா: "அலுமாரிக்குப் பின்னால அந்தப் பூட்டத் தேடித் தேடி என்ட கண்ணே போயிட்டு. அஞ்சு ஸ்டார்."

ரதீஸ் என்று ஒருவர்: "நான் பயப்படல்ல. மனிசிதான் இரவு படுக்கக்குள்ள லைட்ட நூக்க விடுறா இல்ல. அஞ்சு."

பெரியகல்லாற்று லக்ஷன்: "பேய்க் கேம் எண்டீங்க, பேய் எங்க? பேய் லீவில போயிட்டா? மூணு."

"இவனுக்கு ஒரு பேயப் புடிச்சி பார்சல்ல அனுப்புவமா?" என்றார் காக்கா.

"தபால் செலவு அவன்ட" என்றேன் நான்.

சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது ஒரு மாதிரி இருக்கிறது.

அன்று மாலைதான் அந்த ஒரு ஸ்டார் வந்தது. படம் இல்லை. பெயர் மட்டும். ஸில்மியா.

"சீப்பு அங்க இல்ல. பின்னறையில."

காக்கா என்னைப் பார்த்தார். நான் காக்காவைப் பார்த்தேன்.

அந்தச் சீப்பு உண்மையிலேயே பின்னறையில்தான் கிடந்தது. படத்துக்கு நன்றாக இருக்கட்டும் என்று நான்தான் எடுத்து வந்து முன் ஹோலில் வைத்தேன். அது எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும்தான் தெரியும்.

யார் இந்த ஸில்மியா என்று எங்களுக்கு ஒரு குழப்பமும் வரவில்லை. வீட்டுக்காரி. கடற்கரைப் பக்கம் பூட்டிக் கிடந்த அந்த வீட்டின் திறப்பை, அதாவது சாவியைக் கேட்டு, சாரன் லுங்கிக் கடை வைத்திருக்கும் கச்சி முகம்மது மாமாவிடம் (சொந்தமில்லை, மரியாதைக்கு மாமா) நாங்கள் போனபோது அவர் சொன்னது இதுதான்:

"மகள், வீடு ஸில்மியாட. என்ட மூத்த புள்ள. அவக்கெண்டு கட்டின. உள்ள இரிக்கிற சாமானும் அவடதான். படம் எடுங்க... ஆனா எடுத்த சாமான எடுத்த இடத்திலயே வெச்சிருங்க. அவ வந்தா தேடுவா."

எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். பிள்ளை தவழத் தொடங்கும்போதே வாப்பாமார் கல்லும் சீமெந்தும் சேர்க்கத் தொடங்கிவிடுவார்கள். மகளுக்கு வீடு, மகள் ஊரில் இல்லை, வீடு பூட்டு. அப்படியென்றால் என்ன? கலியாணம் முடித்து மாப்பிள்ளையோடு வெளிநாட்டில் இருக்கிறாள். இதைவிட வேறு என்ன நினைப்போம்? எங்கள் ஊரில் யாருமே அப்படித்தான் நினைப்பார்கள். கேமின் கடைசியில் 'வீடு தந்த ஸில்மியா ராத்தாவுக்கு நன்றி' என்றும் போட்டோம். எங்களை விட மூத்த பெண்ணை, அக்காவை, நாங்கள் ராத்தா என்போம்.

கேட்கவேயில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சீப்பையும் திரும்ப வைக்கவில்லை. மழை வந்தது, ஓடி வந்துவிட்டோம்.

"வீட்டுக்காரியே ஒரு ஸ்டார் போட்டா நான் கட்டார்ல நிக்கிறதுதான்" என்று காக்கா தலையில் கை வைத்தார். "நீதானே சீப்பத் தூக்கின? நீயே சமாளி, புள்ள."

நான் எழுதினேன்: "மன்னிச்சிக்கங்க ராத்தா. வீட்டுக்குப் போய்த் திரும்ப வெச்சிர்றம்."

உடனே பதில். நான் கையை எடுக்கவேயில்லை, அதற்குள் பதில்.

"நான் ராத்தா இல்ல."

பிறகு...

"நீங்க ஒளிச்ச ஏழையும் எல்லாரும் எடுத்திட்டாங்க. நான் ஒளிச்சத ஒருத்தரும் தேடல்ல."

காக்கா திரும்பத் திரும்ப வாசித்தார். அவருக்குப் பயம் வரவில்லை, சந்தோசம் வந்தது. "பாத்தியா, அவக்கு விளையாட்டு ஆசை வந்திட்டு! சின்ன வயசில என்னத்தையோ வீட்டுக்குள்ள ஒளிச்சிரிக்கா. அதத் தேடிக் கண்டு பிடிச்சிக் குடுத்தா ஒண்டு அஞ்சாகிடும். இஞ்ச, ஸ்கூட்டி திறப்பு எங்க?"

அடுத்த நாள் பின்நேரம் அஸர் தொழுகை முடிய வெளிக்கிட்டோம். நல்ல வெயில். பக்கத்து வளவில் பிள்ளைகள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். பயப்பட ஒன்றுமே இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் பயத்தோடு போய்ப் பயத்தைப் பார்த்தேன் என்று நீங்கள் சொல்லக் கூடாது.

மாமாவிடம் மறுபடியும் திறப்பை வாங்கிப் போய்ப் பூட்டைத் திறந்தோம். சீப்பை எடுக்க முன் ஹோலுக்குப் போனேன்.

இல்லை.

பின்னறைக்குப் போனேன். ஜன்னல் திண்டில் சீப்பு இருந்தது. முதலில் இருந்த அதே இடம். பல்லுப் பக்கம் சுவரைப் பார்த்தபடி.

"மாமா வந்து வெச்சிரிப்பார்" என்றார் காக்கா.

சரி என்றேன். சரியாகத்தான் பட்டது.

அப்போது காக்காவின் போன் அடித்தது. வாப்பா. உள்ளே சிக்னல் விட்டு விட்டு வர, அவர் வெளியே கேற்றடிக்குப் போனார். "ஓம் வாப்பா... இல்ல வாப்பா, டிக்கட் போடாதீங்க, நாலு நாள் பொறுங்க..." என்று அவர் கெஞ்சுவது கேட்டது. பிறகு அதுவும் தூரமாகிவிட்டது.

பின்னறையில் நான் மட்டும்.

அந்த அறை கட்டி முடியாத அறை. சுவருக்குப் பூச்சு இல்லை, செங்கல் அப்படியே தெரியும். எங்கே ஒளித்திருப்பாள் என்று பார்க்க, போனில் கேமைத் திறந்து அந்த அறையின் படத்துக்கு வந்தேன். நான் எடுத்த படம். அதையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

மூலையில் எண் இருந்தது.

7/8.

எட்டு?

கீழே சாமான்களின் பெயர்களைப் பார்த்தேன். பூட்டு, சீப்பு, கரண்டி... ஏழு பெயர். அதற்குக் கீழே ஒரு வரி. வெறும் வரி. பெயர் இல்லை.

காக்கா புதிதாக ஏதோ சேர்த்திருக்கிறார் என்று நினைத்தேன். கூப்பிட வாயைத் திறந்தேன்.

டிங்.

நான் திரையைத் தொடவில்லை.

ஒரு அடி பின்னால் வைத்தேன். சத்தம் இல்லை. பழையபடி முன்னால் வந்தேன்.

டிங்.

சுவர்ப் பக்கம் இன்னொரு அடி.

டிங். டிங்.

என் போன் எப்போதும் சைலண்ட். கேட்டுப் பாருங்கள், என் கூட்டாளிகள் எல்லாரும் இதற்காகவே ஏசுவார்கள்.

டிங் டிங் டிங் டிங்...

சுவரில் சாரம் கட்டிய ஓட்டைகள் இருந்தன. கட்டும்போது மேசன்மார் கம்பு செருகுவார்களே, பூசும்போதுதானே அதை அடைப்பார்கள், அது. என் இடுப்பு உயரத்தில் ஒன்று. ஒரு சின்னப் பிள்ளைக்கு முகத்துக்கு நேரே வரும் உயரம். அதில் துணி அடைத்திருந்தது.

இழுத்தேன்.

சத்தம் நின்றது.

கையை உள்ளே விட்டேன். மண். இன்னும் உள்ளே. றப்பர் போல ஒன்று. மடித்துத் திணித்திருந்தது.

வெளியே எடுத்தேன். செருப்பு. என் உள்ளங்கை அளவு. ஒரு கால்.

அப்போது...

எனக்குப் பின்னால்...

யாரோ மூச்சு விட்டார்கள். வெகு நேரம் அடக்கி வைத்திருந்து விடுவார்களே... அந்த மூச்சு.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஓடினேன்.

ஸ்கூட்டியில் ஏறியதும் செருப்பைக் காட்டினேன். "இதுக்கா இப்பிடி ஓடி வந்த?" என்று காக்கா சிரித்தார். எட்டாவது வரியைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. அவர் எதையும் சேர்க்கவில்லையாம்.

திறப்பைக் கொடுக்கக் கடைக்குப் போனோம். மாமா சாரன் மடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, ஸில்மியா ராத்தா எந்த நாட்டில?" என்று கேட்டார் காக்கா. "அவ சொல்லித்தான் போய் எடுத்தம். இந்தாங்க."

மாமா செருப்பைப் பார்த்தார். மடித்த சாரன் கையிலிருந்து அவிழ்ந்து தரையில் விழுந்தது.

"இது என்ட மகன் றுஸ்திட செருப்பு" என்றார். "எங்க இரிந்த?"

சொன்னேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"சுனாமி அண்டைக்குக் காலையில அவன் செருப்பக் காணல்ல எண்டு அழுதான். ஸில்மியாதான் ஒளிச்சி வெச்சிட்டுச் சிரிச்சிட்டு நிண்டா. எட்டு வயசு, மகள். ஒரே ஒளிச்சி விளையாட்டுத்தான் அவக்கு. கடல் வருது, ஓடுங்க எண்டு தெருவால கத்துறாங்க. நான் அவனத் தூக்கின. அவன் செருப்பு செருப்பு எண்டு கத்துறான். 'நான் எடுத்திட்டு வாறன் வாப்பா' எண்டு சொல்லிட்டு அவ உள்ள ஓடின."

அவர் செருப்பில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் துடைத்தார்.

"உள்ள போனதப் பாத்த. வெளிய வந்ததப் பாக்கல்ல. இண்டைக்கு வரைக்கும் மையித்தும் கிடைக்கல்ல."

காக்கா என் கையைப் பிடித்தார்.

"மாமா..." என்று கேட்டேன். "சீப்ப நீங்கதானே திரும்ப வெச்ச?"

"மிஞ்சின சாமான அவட உம்மாதான் உள்ள வெச்சிப் பூட்டின. அதுக்குப் பிறகு நாங்க ஒருத்தரும் அந்த வீட்டுக்குள்ள கால் வெக்கல்ல, மகள்."

வீட்டுக்கு வந்து பார்த்தோம். ஒரு ஸ்டார் அஞ்சாகியிருந்தது. கீழே ஒரு வரி.

"எடுத்திட்டீங்க. இப்ப நான்தான் மிச்சம்."

மூலையில் 8/9.

காக்கா கணினியில் முழுக்கத் தேடினார். அவர் செய்த கேமில் ஏழுதான் இருக்கிறது. எட்டும் இல்லை, ஒன்பதும் இல்லை. ஆனால் எல்லாருடைய போனிலும் காட்டுகிறது. அந்தக் கிழமையே நாங்கள் இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டோம். வாப்பா டிக்கட் போடவில்லை. உம்மா இனிப்பாக வட்டிலப்பம் செய்தார். காக்கா ஒரு துண்டு கூடத் தின்னவில்லை.

ஏனென்றால் கொமண்ட்கள் மாறிவிட்டன.

தனுஷியா: "ஒன்பதாவது எங்க? எங்கட வீட்டுக்க டிங் சத்தமே இல்ல. ஆத்தங்கரையில மாடு கட்டப் போகக்க அடிக்குது. தண்ணிக்குக் கிட்டப் போனா நிக்காம அடிக்குது. இது எப்பிடிச் செஞ்சீங்க?"

ரதீஸ்: "தோணியில போகக்க எனக்கும் அடிச்சிச்சு. போன் நூந்து, ஓஃப் ஆகிக் கிடந்தது."

லக்ஷன் ஒரே ஒரு வரி: "ஆத்துப் பக்கம் இனி நான் போகல்ல. அஞ்சு ஸ்டார், என்ன விட்டுருங்க."

இதை நான் மாமாவுக்குச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அன்று கடல் தண்ணீர் தங்கள் தெருவைத் தாண்டி, இவர்கள் ஊர்களைத் தொட்டுக் கிடக்கிற அதே ஆற்றுப் பக்கம்தான் ஓடியது என்றார் அவர். நேற்று எங்கள் வாசலுக்கு வந்தார். கையில் அந்தச் சின்னச் செருப்பு.

"மகள், எனக்குப் போன் பாவிக்கத் தெரியா. அந்தக் கேமப் போட்டு ஒரு போனத் தாங்க. நான் ஆத்தங்கரை முழுக்க நடந்து பாக்கப் போறன். நடுவர்மாரு பாக்கிறாங்க எண்டு அத அழிச்சிராதீங்க. அவ எவ்வளவு காலம்தான் ஒளிஞ்சே இரிப்பா?"

பிரச்சினை அதுதான். நாளைக் காலையில் கொழும்பு நடுவர்கள் விளையாடப்போகிறார்கள். காக்கா ஏழுக்கு மேல் எதுவும் வராமல் தடுக்கிற புதுப் பதிப்பைச் செய்து முடித்துவிட்டார். போடாவிட்டால் கேம் பிழை என்று இறுதிச் சுற்றிலிருந்தே தள்ளிவிடுவார்கள், அவர் கட்டார்தான். போட்டால் எல்லாப் போனிலும் மாறிவிடும், டிங் நின்றுவிடும். இன்று அதை ஏற்றுகிற பொத்தானில் விரலை வைத்தபடி வெகு நேரம் இருந்தார். அமத்தவில்லை. "நீ சொல்லு நஸ்ஹா" என்றுவிட்டு எழுந்து போய்விட்டார்.

நான் இதைத் தட்டிக்கொண்டிருக்கும்போது மேசையில் என் போன் இருக்கிறது. சைலண்ட். எங்கள் வீட்டுக்கும் ஆற்றுக்கும் நல்ல தூரம். இவ்வளவு நாளும் இங்கே அது ஒரு தடவையும் அடித்ததில்லை.

டிங்.

இப்போதுதான். நானும் அசையவில்லை, போனும் அசையவில்லை. அப்படியென்றால் கிட்ட வருவது யார்?

சொல்லுங்கள், சீக்கிரம் சொல்லுங்கள். அந்தப் பொத்தானை நாங்கள் அமத்துவதா... இல்லை, போனை மாமாவின் கையில் கொடுப்பதா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?