ரோம வரலாறு, கடைசி அடுக்கு

நூலகம் மூட முக்கால் மணி நேரம் இருக்கையில் ஓஸ்வால்ட் ஸ்டீல் ஸ்கேலை எடுத்துக்கொண்டு கடைசி அடுக்குக்குப் போவார். அங்கே இருந்தவை பழைய பிரெஞ்சுப் புத்தகங்கள். ஓரம் வெட்டாமல், தாள் மடிந்தபடியே அச்சகத்திலிருந்து வந்தவை. மடிப்புக்குள் ஸ்கேலை நுழைத்து, தோசைக்கு அடியில் கரண்டி விடுகிற பதத்தில் மெல்ல இழுப்பார். காகிதத் தூளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, திறந்த எட்டுப் பக்கங்களை நின்றபடியே படிப்பார். ஒன்பதாவது பக்கம் நாளைக்கு.

1991இல், லிங்கராஜபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து அவர் உதவியாளராகச் சேர்ந்த வாரமே அந்த நூற்றிருபது புத்தகங்களும் வந்திறங்கின. ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர் கொடுத்துவிட்டுப் போனவை. எல்லா அட்டையிலும் தலைப்புக்குக் கீழே ‘ரோமன்’ என்று ஐந்து ஆங்கில எழுத்துகள். ஓஸ்வால்ட் ‘ரோம வரலாறு’ என்று லேபிள் ஒட்டினார். நூலகர் ஆராவமுதன் கையெழுத்துப் போட்டார்.

உள்ளே என்னதான் இருக்கிறதென்று அகராதியும் பிரெஞ்சுப் பாடக் கேசட்டுமாக உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு நாவல் என்று பொருள். படித்தவர்கள் லத்தீனில் எழுதிய காலத்தில் சந்தையில் புழங்கிய பேச்சின் பெயராம். அதில் சொன்ன கதைக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டதாம். லேபிளை மாற்றினால் யாராவது எடுத்துப் போய்விடுவார்கள். அவர் மாற்றவில்லை.

எழுதப்பட்ட வருடப்படி அடுக்கிக்கொண்டு படித்தார். அரண்மனைப் பெண்கள் மனதை மறைத்துக்கொண்ட காலம், நாவல் முழுக்கக் கடிதமாகவே வந்த காலம் எல்லாம் தாண்டி, சுரங்கக்காரர்களும் சலவைக்காரிகளும் கதைக்குள் நுழைந்த இடத்துக்கு வருவதற்குள் 2003 ஆகிவிட்டது. அவர் பிறந்த நூற்றாண்டு இன்னும் வெட்டாமல் இருந்தது. அதுவரை போய்விட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

அந்த வருடம் கம்ப்யூட்டர் வந்தது. கடைசித் தாளில் இரவல் தேதி முத்திரை விழாத புத்தகமெல்லாம் பழைய பேப்பர் வாங்கும் ரத்திக்காரருக்கு என்று உத்தரவு. கழித்ததை ஊழியர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்பதும் விதி. ஓஸ்வால்ட் ஒன்றைக்கூடத் தன் பெயரில் பதிந்து எடுத்ததில்லை.

“ரோம சாம்ராஜ்யம் விழுந்து ரொம்ப நாளாச்சுப்பா, மூட்டை கட்டு” என்றார் ஆராவமுதன்.

“சார், அது சரித்திரம் இல்ல. எல்லாம் நாவல்.”

“பன்னெண்டு வருஷமா தெரியாதா?”

“தெரியும் சார்.”

“அப்புறம் ஏன் மாத்தல?”

“யாரும் கேக்கல சார்.”

சாயங்காலம் டெம்போ வந்தது. மூட்டைகளை ஓஸ்வால்டே ஏற்றினார்.

அடுத்த ஜூனில், பழைய பதிவேடுகளைக் கட்டிப் பரணில் போடும்போது, ஆராவமுதனின் மேஜையில் கிடந்த வாசகர் கோரிக்கை நோட்டை ஓஸ்வால்ட் புரட்டினார். 1994 முதல் 2002 வரை, வருடத்துக்கு ஒருமுறை, ஒரே கையெழுத்து: ‘பிரெஞ்சு நாவல்கள், பிரெஞ்சிலேயே, வேண்டும். சொர்ணம், ஜோகுபாளையம்.’ ஒவ்வொன்றின் கீழும் சிவப்பு மையில், ‘நம்மிடம் இல்லை.’