மூன்று முறை கழுவிய கேரட்

நீல விளிம்பும், எனாமல் பூச்சு உதிர்ந்த இடத்தில் கறுப்புத் தழும்பும் கொண்ட மங்குத் தட்டு ஒன்று என் சமையலறையில் இருக்கிறது. அடுத்த வீட்டுக் கிராணியின் நாய் ஜிம்மி உண்ட தட்டு அது. தோட்ட அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற பின்னும் அவரை நாங்கள் கிராணி என்றே அழைத்தோம். மனைவியை அடக்கம் செய்த பிறகு அந்த வீட்டில் அவருக்குத் துணையாக இருந்த ஒரே உயிர் ஜிம்மி. விலைபோகாத, கிளைவிட்ட கேரட்டுகளைக் கியா பார்ம் காய்கறிச் சந்தையில் ஒருவர் அவருக்குக் கொடுப்பார். பூச்சிமருந்தடித்த காய் என்னும் அச்சத்தால் கிராணி அவற்றைக் குழாயடியில் மூன்று முறை கழுவுவார். தோல் சீவி, வட்டமாக அரிந்து தட்டில் பரப்புவார். அவர் சொல்லும்வரை நாய் வாய் வைக்காது. "எம் பொண்டாட்டிகூட என் பேச்சுக்கு இப்படிக் காத்திருந்ததில்ல டீச்சர்" என்று சிரிப்பார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், எங்கள் லயத்து வரிசையின் எல்லா வீடுகளுக்கும் கொடுக்கவேண்டிய கேக்கிற்காக, வாசலில் அமர்ந்து உலர்திராட்சையில் காம்பு ஆய்ந்துகொண்டிருந்தேன். கிராணி இறைச்சி வாங்க ரிங்லெட் பட்டணத்துக்குப் போயிருந்தார். ஜிம்மி என் முழங்காலில் முகத்தை வைத்தது. பண்டிகை அதற்கும்தானே என்று பிடிபிடியாக ஊட்டினேன். பழந்தானே என்பதற்கு அப்பால் எதையும் நான் எண்ணவில்லை.

அன்று மாலையே வாந்தி எடுத்தது. மறுநாள் கேரட்டிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிறகு சிறுநீரும் நின்றது. விடுமுறை கழிந்து, மலைக்குக் கீழே ஈப்போவில் விலங்கு மருத்துவமனை திறந்த காலையில் அதன் உடல் விறைத்துக் கிடந்தது. "கேரட்டுல மருந்து இருந்திருக்கும் டீச்சர். நாந்தான் சரியா கழுவல" என்றார் கிராணி. அப்போது நானும் அதையே நம்பினேன். பக்கத்து லயத்தார் குட்டி ஒன்றைத் தர முன்வந்தபோது, "என் கையால ஒன்னு போனது போதும்லா" என்று மறுத்துவிட்டார்.

சில மாதங்களுக்குப் பின், பூனைக்கு ஊசி போடச் சென்ற சக ஆசிரியையுடன் அந்த மருத்துவமனைக்குப் போனேன். நாய்க்கு ஆகும் உணவும் ஆகாத உணவும் சுவரில் எழுதப்பட்டிருந்தன. கேரட், பூசணி, சர்க்கரைவள்ளி, விதை நீக்கிய ஆப்பிள் ஆகியவை ஒருபுறம். மறுபுறம் வெங்காயம், அதற்கு மேலே திராட்சையும் உலர்திராட்சையும், சிறுநீரகம் செயலிழக்கும் என்னும் எச்சரிக்கையுடன்.

மலையேறும் வழிநெடுக ஒரே வாக்கியத்தை மனத்துக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்: நான்தான் கொடுத்தேன், கிராணி. வண்டியிலிருந்து இறங்கியபோது அவர் தம் குழம்புக்காக ஒரு கேரட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் வாய் திறப்பதற்குள் அவரே கேட்டார்: "எத்தன தடவ கழுவுனா மருந்து போவும் டீச்சர்? நீங்க படிச்சவங்க."

"நாலு தடவ" என்றேன்.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. அவர் குழாயை மூடிவிட்டு, கையிலிருந்த கேரட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் மூணு தடவதான் கழுவுனேன்."

அதன்பின் இரண்டாண்டுகள் ஒரே சுவரின் இருபுறமும் வாழ்ந்தோம். எந்த நாளிலும் சொல்லியிருக்கலாம். சென்ற மழைக்காலத்தில் அவர் இறந்தார். வீட்டை ஒழித்தவர்கள் இந்தத் தட்டை என்னிடம் கொடுத்தார்கள். கேரட்டை இதில் இட்டுத்தான் கழுவுகிறேன். நான்காம் முறை குழாயைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பொய்யை அவரிடம் மீண்டும் சொல்கிறேன்.